அரைக்கட்டை

ஜனவரி 9

பெட்டி,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். பத்தொன்பது வருஷம் கழித்து ஒருத்தன் கடிதம் போட்டால், ஒன்று அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, இல்லையென்றால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டும்தான்.

தொண்டையில் மறுபடியும் கட்டி. ஆறு வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கிசுகிசுப்பதும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். வீட்டில் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதி முடிப்பதற்குள் என் மனைவி அறையை விட்டே போய்விடுகிறாள். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் இப்போதுதான் நிம்மதி என்று மகளிடம் போனில் சொல்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. அதனால்தான் உனக்குப் போன் பண்ணாமல் எழுதுகிறேன். பேச முடிந்திருந்தாலும் பண்ணியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 14 கடைசிக் கச்சேரி. அதோடு மேடைக்கு ஒரு கும்பிடு. முதல் ஆல்பத்தின் எட்டுப் பாட்டையும் வரிசையாகப் பாடப் போகிறேன், முடிவில் 'ஏழாம் நம்பர் பஸ்'. நீ போன பிறகு நானே எழுதி நானே மெட்டுப் போட்டு ஆறு ஆல்பம் வெளியிட்டேன். இன்றைக்கும் டிக்கெட் வாங்குகிறவன் அந்தப் பஸ்ஸுக்காகத்தான் வாங்குகிறான். அதில் வரும் 'கொஞ்சம் நில்லேன்' என்ற இடத்துக்காக. இப்போது என்னோடு கீபோர்டு வாசிப்பவர் கெட்டிக்காரர்தான், ஆனால் என் முகத்தைப் பார்த்து வாசிக்கத் தெரியாது. நோட்டைப் பார்த்துத்தான் வாசிப்பார். நீ வந்து வாசி.

அந்தப் பேட்டியைப் பற்றி: சொன்னது சொன்னதுதான். பத்திரிகைக்காரர் கொஞ்சம் வெட்டிப் போட்டுவிட்டார். இதற்குமேல் இறங்கிவர எனக்குத் தெரியாது. என் லட்சணம் உனக்குத் தெரிந்ததுதானே.

தொண்டை

மகள் உன்னை இன்னமும் 'பெட்டிச் சித்தப்பா' என்றுதான் சொல்கிறாள். அவளுக்கு முப்பத்து மூன்று வயதாகிறது.


ஜனவரி 21

தொண்டைக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு முடியாதது கேட்டு வருத்தம். கச்சேரிக்கு என்னால் வர முடியாது.

நான் இப்போது ஓர் ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் பியானோ வாசிக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள், மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. சாப்பிடுகிறவர்களின் கரண்டிச் சத்தத்தைவிட என் சத்தம் கூடக் கூடாது என்பது மேலாளர் போட்ட விதி. யாரும் கைதட்டுவதில்லை. யாரும் என்னைப் பற்றிப் பேட்டி கொடுப்பதும் இல்லை.

வெட்டிப் போட்டார் என்கிறாய். வெட்டாமல் விட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? "அந்த இடத்துல யாரு உக்காந்திருந்தாலும் அதைத்தான் வாசிச்சிருப்பாங்க." என்னைப் பற்றிக் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இது. கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பஸ் நிலையத்துக் கடையில் நின்றுகொண்டு படித்தேன். பதினான்கு வருஷம் உன் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீ 'தன்னன்னா' என்று முனகிக்கொண்டு வருவாய், அதற்கு முன்னும் பின்னும் கட்டி அதை ஒரு பாட்டாக்கி உன்னிடம் திருப்பிக் கொடுப்பேன். நீ மேடையில் வரியை மறந்தால் நான் தப்பாக வாசித்து, பழியை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். யார் உட்கார்ந்திருந்தாலும் இதைச் செய்திருப்பார்களா என்று யோசித்தேன். பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கிட்டார்காரரும் கூடவே வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை.

பழையதைக் கிளற இதை எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுருதியைக் குறைத்துப் பாடச் சொல்லி டாக்டரே சொல்லியிருப்பாரே? அதிகம் வேண்டாம். அரைக்கட்டை. கீபோர்டில் இருக்கிற இடத்திலிருந்து பக்கத்து விசைக்கு நகர்வது, அவ்வளவுதான். அதை மட்டும் செய்.

பெட்டி


பிப்ரவரி 3

பெட்டி,

வர முடியாது என்றால் அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டாம்.

அரைக்கட்டையாம்! டாக்டரம்மா சொன்னார், மேனேஜர் சொன்னார், இப்போது நீயுமா? இருபத்தாறு வயதில் நான் பாடியது ரெக்கார்டில் இருக்கிறது. ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைவிடக் கீழே போய்ப் பாடினால் கேட்கிறவன் காதில் விழாதா? முன்பு ஒரு மூத்த பாடகர் இப்படிச் சுருதியை இறக்கிப் பாடினார் என்று நானே மேடையில் மைக்கைப் பிடித்துக் கிண்டல் செய்திருக்கிறேன். "இறக்கிப் பாடறதுக்கு வீட்லயே உக்காந்துக்கலாமே?" என்று. மூவாயிரம் பேர் சிரித்தார்கள். அவர் முதல் வரிசையில் இருந்தார். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் இப்போது இறக்கவா?

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பிறகு முதல் கச்சேரி. புது ஆட்கள். 'நில்லேன்' வந்தது, எனக்கு எட்டவில்லை. போன வாரம் வரைக்கும் தண்ணீர் குடிப்பதுபோல வந்தது, அன்றைக்கு எட்டவே இல்லை. குரல் உடைந்து நின்றுவிட்டேன். நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக் கூட்டமே அந்த வரியைப் பாடி முடித்தது. முடிந்ததும் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். நாற்பது வயதில் ஒருத்தனுக்கு ஒரே வாரத்தில் குரல் போகுமா? போனது. அன்றிலிருந்து பயிற்சி, வெந்நீர், ஆவி, இரண்டு ஆசிரியர்கள். கத்திக் கத்தித்தான் எட்டவைத்தேன். வேடிக்கை என்னவென்றால் பின்னால் போட்ட பாட்டுகள் எல்லாம் சுலபமாக வருகின்றன. இந்த எட்டுதான் கழுத்தைப் பிடிக்கின்றன. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல் கட்டியை வெட்டி எடுத்தார்கள். உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ போன அன்றைக்கே குரலும் போனது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். நீ வந்து உட்கார்ந்தால் அதுவும் திரும்பி வருமோ என்றுதான் கூப்பிட்டேன். போகட்டும்.

நாலு வாரமாக வாயைக் கட்டியும் கட்டி கரையவில்லை. மார்ச் 11 ஆபரேஷன். பேசுகிற குரலுக்கு ஆபத்தில்லை, பாடுகிற குரல் இருக்குமா என்பது பாதிக்குப் பாதி என்கிறார் டாக்டரம்மா. "அந்த எட்டுப் பாட்டை விட்டுடுங்க, கத்தியே வேண்டாம்" என்றார். அந்த எட்டு இல்லாமல் நான் யார்? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தொண்டை


பிப்ரவரி 12

தொண்டைக்கு,

மார்ச் 11 வேண்டாம். தள்ளிப் போடு. காரணத்தை எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தாயிற்று. ஓரிரு நாளில் எழுதி அனுப்புகிறேன். இது முதலில் வந்து சேரட்டும். தயவுசெய்து தள்ளிப் போடு.

பெட்டி


பிப்ரவரி 14

தொண்டைக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. உன் மனைவி பக்கத்தில் இருந்தால் நல்லது.

ரெக்கார்டில் இருக்கும் சுருதியில் நீ அந்த எட்டுப் பாட்டையும் பாடவே இல்லை.

எட்டும் பதிவாகி முடிந்த மதியம் மகள் பிறந்த தகவல் வந்தது. செருப்பை ஸ்டுடியோ வாசலிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். மறுநாள் டேப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சாயங்காலம் ரெக்கார்டு கம்பெனிக்காரர் வந்து டேப்பைப் போட்டுக் கேட்டார். முகம் விழுந்துவிட்டது. "பாட்டு நல்லாருக்கு. குரல் கனமா இருக்கே, நாப்பது வயசு ஆளு மாதிரி. வேற யாரையாவது வெச்சுப் பாட வைக்கலாமா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கையில் ஆள் தயாராக வைத்திருந்தார். ஒலிப்பதிவு அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் மிஷினில் வேகத்தைக் கூட்டினார். டேப் வேகமாக ஓடினால் சுருதியும் கூடவே ஏறும். சரியாக அரைக்கட்டை ஏற்றினோம். உன் குரல் மெலிந்து இளசாயிற்று. நாலு நிமிஷப் பஸ் மூன்று நிமிஷம் நாற்பத்தேழு நொடியாயிற்று. கம்பெனிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அதைத்தான் அச்சடித்தார்கள்.

ரெக்கார்டு கைக்கு வந்ததும் நீ கேட்டாய்: "என்னடா இது, என் குரலாட்டமே இல்லையே?" "அவங்கவங்க குரலை அவங்க கேட்டா அப்படித்தான் இருக்கும்" என்றோம். நம்பிவிட்டாய். கூச்சப்பட்டுக்கொண்டு அப்புறம் நீ அதைக் கேட்டதே இல்லை. இரண்டாவது ஆல்பத்திலிருந்து யாரும் எதையும் தொடவில்லை, அதற்குள் நீ பெரிய ஆள். 'குரலில் முதிர்ச்சி கூடியிருக்கிறது' என்று பத்திரிகையில் எழுதினார்கள். அண்ணன் அதைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

மேடையில் எந்தச் சுருதி என்று கேட்கிற பழக்கமே உனக்குக் கிடையாது. பாட்டுக்கு முன்னால் நான் ஒரு விசையை மெதுவாகத் தொடுவேன், நீ பிடித்துக்கொள்வாய். பதினான்கு வருஷமும் நீ உண்மையில் பாடிய சுருதியைத்தான் தொட்டேன். பிறகு வந்து சேர்ந்த கிட்டார்காரரிடம் 'மேடைக்கு இதுதான்' என்று சொல்லியிருந்தேன், அவர் ஏன் என்று கேட்கவில்லை. டிரம்ஸ்காரருக்குச் சுருதியோடு என்ன வேலை?

இதுவரைக்கும் எழுதுவதில் எனக்குக் கஷ்டமில்லை.

நான் விலகிய மறுநாள் டிரம்ஸ்காரர் போன் பண்ணினார். "புது ஆளுங்க வந்துட்டாங்க. நாளைக்குக் கச்சேரி. அந்த எட்டும் எந்தச் சுருதி, சொல்லு" என்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ரெக்கார்டைப் போட்டுக் கேட்டு எடுத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறந்துபோய்ச் சொல்லவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னேன். யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்றாயே, உட்காரவைத்துப் பார் என்று இருந்தது. ஒரே ஒரு கச்சேரி திணறுவாய், என்னைக் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். நாலு நாள் போன் பக்கத்தை விட்டு நகரவில்லை. நீ கூப்பிடவில்லை. கத்தியே அந்த இடத்தைப் பிடிப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா?

பிறகு நீ பாடிக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சமாளித்துக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன். முதல் ஆபரேஷனைப் பத்திரிகையில் படித்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். 'பத்து வருஷமாக ஏன் சொல்லவில்லை' என்று கேட்பாய், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் அதைப் பத்தொன்பது ஆக்கினேன்.

இத்துடன் ஒரு சிடி வைத்திருக்கிறேன். வேகம் கூட்டுவதற்கு முன்னால் அண்ணன் எனக்குப் போட்டுக்கொடுத்த கேசட்டிலிருந்து எடுத்தது. அண்ணன் போய் ஆறு வருஷமாகிறது. கம்பெனிக்காரர் அதற்கும் முன்பே. என்னைத் தவிர இது யாருக்கும் தெரியாது. உன் குரல் தானாக எங்கேயும் போகவில்லை. நான்தான் கெடுத்தேன்.

பெட்டி


மார்ச் 16

தொண்டைக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. டிரம்ஸ்காரரிடம் விசாரித்தேன், நீ ஆஸ்பத்திரியில் சேரவில்லை என்றார். அது போதும்.

திட்டுவதாக இருந்தால் எழுதித் திட்டு. பலகையைவிடத் தாளில் இடம் அதிகம்.

பெட்டி


ஏப்ரல் 22

பெட்டி,

திட்டித்தான் எழுதினேன். ஏழு பக்கம். என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "இதை அனுப்பினா அவர் பதில் போட மாட்டார், வெச்சுக்கோங்க" என்று மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். அதனால் இது சுருக்கமான பதிப்பு.

சிடியை ஒன்பது நாள் தொடவில்லை. மகள் வந்திருந்தபோது அவள்தான் போட்டாள். இரண்டு வரி கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க சாப்பாட்டு மேஜையில பேசற மாதிரியே இருக்குப்பா" என்றாள். ஆமாம், அப்படித்தான் இருந்தது. கனமான குரல், அவசரமே இல்லை. 'கொஞ்சம் நில்லேன்' என்பதைப் பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வதுபோலச் சொல்கிறான். நான் அதை இத்தனை வருஷமாக ஓடுகிற பஸ்ஸைத் துரத்திக்கொண்டு கத்துகிறவனைப்போலப் பாடியிருக்கிறேன். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அழுதேன், மகள் முன்னாலேயே.

டேப்பில் செய்ததை மன்னித்துவிட்டேன். அது இல்லாவிட்டால் வேறு ஒருத்தன் குரலில் என் பாட்டுகள் வந்திருக்கும், நான் எங்கேயாவது கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். போனில் சொன்னதை மன்னிக்கவில்லை. நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரைக்கும், ஒவ்வொரு மேடைக்கும் பின்னால் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பயத்தில் குமட்டும் என்பதால். ஒரு வார்த்தையில் அது நின்றிருக்கும். அந்த வார்த்தை உன் வாயில் இருந்தது. கச்சேரிக்கு நீ வர வேண்டாம். கூட்டத்தோடு கூட்டமாகக்கூட உட்காராதே.

ஆபரேஷனை ரத்து செய்துவிட்டேன். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார் டாக்டரம்மா. ஆறு வாரத்தை நான்கு மாதமாக்கி, கத்தாமல் இருந்தால் கட்டி தானே அடங்கும் என்கிறார். மேடையில் எப்படி வாசிப்பாயோ, அதை எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே.

தொண்டை


ஏப்ரல் 30

எட்டுக்கும் ஒரே கணக்குதான்: ரெக்கார்டிலிருந்து அரைக்கட்டை கீழே. வேகத்தையும் தளர்த்தச் சொல், பஸ் நாலு நிமிஷம் வர வேண்டும். மூன்றாவது பாட்டின் நடுவில் நீ மூச்சு வாங்குவதற்காக இரண்டு தாளம் சும்மா விடுவேன். அது ரெக்கார்டில் கிடையாது, எழுதியும் வைத்ததில்லை. கீபோர்டுக்காரரிடம் சொல்லிவிடு. நான் வர மாட்டேன்.

பெட்டி


செப்டம்பர் 18

பெட்டி,

கச்சேரி முடிந்தது. நீ வரவில்லை என்று தெரியும். வாசலில் இருந்தவரிடம் சொல்லி வைத்திருந்தேன், இரண்டு தடவை கேட்கவும் கேட்டேன்.

எட்டையும் பாடினேன். வாளி தேவைப்படவில்லை. முதல் பாட்டின் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது, இது என் வீடு, இத்தனை நாள் பக்கத்து வீட்டில் குடியிருந்திருக்கிறேன் என்று. மூன்றாவதில் அந்த இரண்டு தாளம் விட்டார்கள், நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டேன். பஸ் நாலு நிமிஷத்துக்கு இரண்டு நொடி அதிகம். 'நில்லேன்' என்ற இடத்தில் கத்தவில்லை. சும்மா சொன்னேன். என் ஆயுசில் நான் அவ்வளவு நன்றாகப் பாடியது கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வேலையைத் தெரிந்தவன் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து நாலடி நடந்தவனுக்குத் தட்டுவார்களே, அந்த மாதிரி. மேனேஜர் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்கண்ணே, இந்த வயசுல இவ்வளவு பாடினதே பெரிசு" என்றார். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்காக இரக்கப்பட்டு அழுகிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. மறுநாள் பேப்பரில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: 'வயதின் காரணமாகச் சுருதியையும் வேகத்தையும் குறைத்துப் பாடினார். அந்தப் பழைய உச்சத்தை இனி ரெக்கார்டில்தான் கேட்க வேண்டும். ரசிகர்கள் பெருந்தன்மையோடு விடைகொடுத்தார்கள்.'

பெருந்தன்மையோடு!

"உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் என் மனைவி. யாரிடம் சொல்வது? எட்டாதவன் கதை கட்டுகிறான் என்பார்கள். உன் சிடியைப் போட்டுக் காட்டினால், டேப்பை மெதுவாக ஓடவிட்டு எடுத்திருக்கிறான் என்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். என் மனைவியும் மகளும் நம்புகிறார்கள், என்மேல் பிரியம் இருப்பதால் நம்புகிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து இரண்டையும் காதால் கேட்டவர்களில் மிச்சம் நீ ஒருத்தன்.

உன்னை மன்னிக்கவில்லை. குழப்பம் வேண்டாம் என்பதற்காக மறுபடியும் எழுதுகிறேன், மன்னிக்கவில்லை. கச்சேரியின் பதிவை இத்துடன் வைத்திருக்கிறேன். யாரும் வேகத்தைத் தொடவில்லை. கேட்டுவிட்டு எழுது. நான் சரியாகப் பாடினேனா, இல்லையா? உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதை நான் கேட்க முடியாது.

தொண்டை